ஆடியில் போன சீட்டு

நெரும்பூர்
7.9.2003, ஞாயிறு

அன்புள்ள மகன் ஜெகதீசனுக்கு உன் நைனா கோதண்டம் சொல்லச் சொல்ல, கிழக்குத் தெரு மேரி டீச்சர் எழுதுறது. இங்க நான், உன் பொஞ்சாதி வேண்டா, மாடு ரெண்டு, எல்லாரும் சொகம். மஸ்கட்டுல வெயிலு தணிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன், நீயும் வேளைக்குச் சாப்ட்டு சொகமா இருக்கணும்னு கன்னியம்மனக் கும்பிட்டுக்கிறேன். நான் சொல்றத அப்படியே எழுதுங்க, நடுவுல மரியாத சேக்காதீங்கன்னு டீச்சர்கிட்ட கேட்டுக்கினு இருக்கேன். அவங்களும் சரின்னு இருக்காங்க, ரெண்டு மூணு வார்த்த மட்டும் எழுத மாட்டேன்னு சொல்லிட்டாங்க, அந்த எடம் வரும்போது நீயே போட்டுக்க.

போன வாரம் போன் பண்ணே. திவ்யாவுக்கு சீட்டு கிடைச்சுதா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு நைனா, கார்டு தீரப்போவுதுன்னே. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தீந்தும் போச்சு. உன் பொண்ணு பன்னெண்டாவது முடிச்சதுலேர்ந்து இந்த மூணு மாசத்துல நான் கத்துக்கினது இன்னான்னா, படிச்சவங்க கிட்ட கிடைச்சுதுக்கும் கிடைக்கலைக்கும் நடுவுல ஒரு மூட்ட வார்த்த கீது. அலாட்மெண்டு, ரிப்போர்ட்டிங், லேப்ஸு, வேகன்ஸி, சரண்டரு, ஸ்பாட்டு, சப்ளிமெண்டரி. நான் கைநாட்டுதான். ஆனா எவன் எந்த எடத்துல நின்னு இன்னா சொன்னான்றத நான் மறக்கறதில்ல, அது உனக்கே தெரியும். அதனால முதல்லேர்ந்து சொல்றேன், கூட்டாம கொறைக்காம.

ஆடி பொறந்து அஞ்சாம் நாளு மெட்ராசுல கவுன்சிலிங். உன் அக்கா வூட்டுக்காரரு உலகநாதன் மாப்ளதான் கூட்டிக்கினு போனாரு. அணுபுரத்துல ஜீப்பு ஓட்றவரு, ஆபீசருங்கள ஏத்தி எறக்கறவரு, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்னு நீதானே அவரு கையில புடிச்சிக் குடுத்தே. சட்டப் பையில பேனா சொருவிக்கினு போனாரு. உன் பொண்ணு சிவில் கேட்டு வாங்கிட்டா. கட்டடம் கட்ற படிப்பு. தாம்பரம் தாண்டிப் பழைய காலேஜு, நல்ல காலேஜு, காலையில ரயில் ஏறினா சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாம். மாப்ள வெளிய வந்து சிமெண்டு மூட்ட தூக்கறதுக்கா படிக்கப் போறேன்னு கேட்டாராம். அது வாங்கின பேப்பர நாலா மடிக்காம, கையில தட்டு மாதிரி ஏந்திக்கினே வூடு வரைக்கும் வந்துது. வூட்டுல எல்லாரும் கிடைச்சிடுச்சு கிடைச்சிடுச்சுன்னு ஜிலேபி வாங்கித் தெருவுக்கே குடுத்தாங்க. டீச்சரும் வாங்கித் தின்னாங்க, வேணும்னா கேட்டுக்க.

அன்னிக்கு ராத்திரி நீ போன் பண்ணே. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். நீ சொன்னது இதுதான். ஆடியில எதுவும் புதுசா ஆரம்பிக்க வேணாம், ஆவணி பொறந்ததும் முத முகூர்த்தத்துல சேரட்டும், மாமா நாள் பாத்து சொல்லுவாரு. மாப்ள உடனே சதுரங்கப்பட்டினத்து ஜோசியர்கிட்ட ஓடி நாளும் குறிச்சிக்கினு வந்துட்டாரு. உன் பொண்ணு பேப்பர எடுத்துக்கினு வந்து, மாமா, இன்ன தேதிக்குள்ள போய் ரிப்போர்ட் பண்ணணும்னு போட்டிருக்குது, ஆடியிலயே முடியுதுன்னு காட்டுச்சு. அதுக்கு அவரு சொன்னத நான் சாவுற வரைக்கும் வெச்சிருப்பேன். கரண்டு பில்லுலகூடத்தான் கடைசித் தேதின்னு போடறான், அபராதத்தோட கட்னா வாங்க மாட்டேன்னா சொல்றான் கண்ணுன்னாரு. கண்ணுன்னு வேற. அது அதோட வுடல, மறுபடி நீ போன் பண்ணப்ப உன்கிட்டயும் சொல்லுச்சு. நீ இன்னா சொன்னே? மாமாவுக்குத் தெரியும், நீ கம்முனு இருன்னே. 

நானும் நல்ல நாளு கெட்ட நாளு பாக்கறவன்தான் ஜெகதீசா. ஆடியில கல்யாணம் வெக்க மாட்டேன், வூடு குடி போவ மாட்டேன். ஆனா ஆடியில வெதைக்காம இருந்தது உண்டா? ஆடிப் பட்டம் தேடி வெதைன்னு சொல்லிட்டுப் போனவன் இன்னா பைத்தியக்காரனா? படிப்பு கல்யாணமா வெதையான்னு நான் மாப்ளயக் கேட்டேன். இது விவசாயம் இல்ல மாமா, இன்ஜினியரிங்னு சொல்லிட்டு சிரிச்சாரு. சரின்னு வுட்டுட்டேன், பொண்ணு குடுத்த எடம். ஒண்ணு மட்டும் உனக்கு ஞாபகப்படுத்தறேன். உன்ன செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில சேத்தது ஆடி மாசம், செவ்வாக்கிழம, ஆகாத பாட்டிமை திதி. கடைசி நாளுன்னு சொன்னானுங்க, ஏரு கட்ன காலோட, சேறு கழுவாம உன்ன இழுத்துக்கினு ஓடினேன். அந்தப் பாட்டிமையில சேந்தவன்தான் இன்னிக்கு வானத்துல ஏறி கிரேன் ஓட்டிக்கினு, அங்கேர்ந்து ஆடி ஆவணி பேசறான்.

ஆவணி வந்துது. தேங்கா ஒடைச்சி, சூடம் கொளுத்தி, உன் பொண்ணுக்குப் பூ வெச்சி, மாப்ள ஜீப்பு டிரைவரு சட்டைய வுட்டுட்டு பட்டு வேட்டி கட்டிக்கினு கெளம்ப, நானும் கூடப் போனேன். காலேஜு ஆபீசுல ஜன்னலுக்கு அந்தாண்ட ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. பேப்பரப் பாத்தாங்க, எங்க நெத்தியில இருக்கற குங்குமத்தப் பாத்தாங்க. இது லேப்ஸ் ஆயிடுச்சேன்னாங்க. மாப்ள அபராதம் எவ்ளோன்னு கேட்டாரு. அந்த அம்மா அவர ஒரு பார்வ பாத்தாங்க பாரு, நம்ம வூட்டுக் கறுப்பு மாடு தவிடு இல்லாத தொட்டியப் பாக்கும் தெரியுமா, அது. நான் கேட்டேன், அம்மா, சீட்டு செத்துப் போச்சா. இல்ல பெரியவரே, சீட்டு இருக்குது, வேகன்சியாப் போய் அடுத்த கவுன்சிலிங்ல சேந்துடுச்சு, வேற யாரோ எடுத்துட்டாங்க, நீங்க வராததால உங்களுக்கு விருப்பம் இல்லன்னு எழுதியாச்சுன்னாங்க. விருப்பம் இல்லயாம். உன் பொண்ணுக்கு. நான் அது மூஞ்சியப் பாக்கல. பூவ எடுத்து பையில வெச்சிக்கிச்சு, அத மட்டும் பாத்தேன்.

மாப்ள அசருவாரா? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, ஸ்வீட் கடைக்கு மாடியில ஞானதாஸ்னு ஒருத்தன் ஆபீசு வெச்சிருக்கான், காலேஜுல சேத்து வுடற ஆளு. அங்க கூட்டிக்கினு போனாரு. செவுத்துல முழுக்க காலேஜு படம். எல்லாப் படத்துலயும் பச்சப் புல்லு, நடுவுல தண்ணி பீச்சிக்கினு கீது. காத்தாடிய தன் பக்கமா திருப்பி வெச்சிக்கினு எங்களப் பாத்து, கவலையே படாதீங்க, இப்பதான் சீசனே ஆரம்பம்னான். ஊரே சேந்து முடிச்சப்புறம் இவனுக்கு சீசன். அப்புறம் வார்த்தையா எடுத்து வுட்டான் பாரு. கவர்மெண்டு குடுக்கறது ஒரு சீட்டு. முதலாளி விக்கறது இன்னொரு சீட்டு, அதுக்குப் பேரு மேனேஜ்மெண்டு கோட்டா. அதுல விக்காம நின்னுபோனத கடைசி நேரத்துல வர்றவனுக்கு வர்ற வெலைக்கு அங்கயே தள்ளிவுட்டா அது ஸ்பாட் அட்மிஷன். அதுலயும் போணி ஆவாதத கவர்மெண்டு கையிலயே திருப்பிக் குடுத்தா சரண்டரு. நான் கேட்டேன், ஏம்பா, நாலும் ஒரே பெஞ்சிதானா? அது ப்ராசஸ் பெரியவரே, உங்களுக்குப் புரியாதுன்னான்.

புரியாம இன்னா. சதுரங்கப்பட்டினம் கரையில காலையில எறங்கற மீனு வெயில் ஏறினா வெல எறங்கும், சாயங்காலம் ஆச்சுன்னா உப்புல போட்டுடுவாங்க. ஆனா மீன்காரி அதக் கருவாடுன்னுதான் கூவுறா. ஸ்பாட் மீனுன்னு சொல்லல, ப்ராசஸ்னும் சொல்லல. அவளுக்கு இருக்கற நேர்ம மாடியில காத்தாடி போட்டுக்கினு உக்காந்திருக்கறவனுக்கு இல்ல. (டீச்சர் சிரிச்சிக்கினு பேனாவக் கீழ வெச்சிட்டாங்க. தண்ணி குடிச்சிட்டு எழுதறாங்க.)

அவன் சொன்ன சீட்டு எங்க தெரியுமா. பழைய மகாபலிபுரம் ரோட்டுல, சிறுசேரி தாண்டி உள்ள. கம்ப்யூட்டரு. சிறுசேரியில கம்பெனிங்க வருது, படிச்சி முடிச்சா அப்படியே நடந்து போய் வேலையில உக்காந்துக்கலாம்னான். அந்த எடத்த எனக்குத் தெரியும். உங்க பெரியப்பாவோட ஆடு வாங்கப் போயிருக்கேன், முள்ளும் உவர் மண்ணும், இங்க ஆடே ரெண்டு நாள்ல எளைச்சிடுதுன்னுதான் அந்த ஊரு ஆட்டுக்காரன் வித்தான். அங்க புல்லு, பீச்சற தண்ணின்னு இந்த ஞானதாஸ் படம் காட்றான். உன் பொண்ணு அவன ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு, அங்க சிவில் இருக்குதான்னு. ஞானதாஸ் மாப்ளயப் பாத்துச் சிரிச்சான். பொண்ணுக்கு இன்னும் உலகம் தெரியலன்னான். மாப்ளயும் சிரிச்சாரு. அன்னிக்குப் பூரா அவருக்குச் சிரிப்பு சுலபமா வந்துது.

அதுக்கப்புறம் நீ மாப்ள வூட்டுக்குப் போன் பண்ணி, தாங்கல் ஏரிக்குக் கீழ இருக்கற கழனிய வித்தாவது அந்த ஸ்பாட்ட முடிச்சிடுங்கன்னு சொன்னியாம். எனக்குப் பண்ணல, அவருக்குப் பண்ணே. அவரு பேப்பரு ஒண்ணு எடுத்துக்கினு வந்து, இந்த எடத்துல ஒரு நாட்டு வெச்சிடுங்க மாமான்னாரு. மையும் அவரே கொண்டாந்திருந்தாரு, அவ்ளோ அக்கற. நான் வெக்கல. கழனி போவுதேன்னு இல்ல. அந்தக் கழனி வேற எதுக்குப் போனாலும் போவட்டும். அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்ற படிப்ப, அது வேணும்னு சொன்ன படிப்பத் தொலைச்சவங்களே வெல குடுத்து வாங்கி அது தலையில கட்டறீங்க. அதுக்கு என் வெரலு எதுக்கு?

நடுவுல இன்னொரு சங்கதி. உன் பொண்ணு பேப்பர்ல பாத்திருக்குது, சப்ளிமெண்டரி கவுன்சிலிங்னு ஒண்ணு மிச்சம் இருக்குதுன்னு. பெயிலாகி மறுபடி எழுதி பாஸ் பண்ண பசங்களுக்கும், முதல்ல வுட்டவங்களுக்கும் கடைசியா ஒரு தடவ கூப்புடுவாங்களாம். மாப்ள குதிச்சாரு. பெயிலான பசங்களோட வரிசையில நிக்கறதா, நம்ம குடும்பத்துக்கு அசிங்கம், நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்னாரு. குடும்பத்து மானத்த இவரு கையில யாரு குடுத்தாங்கன்னு எனக்கு ஞாபகம் இல்ல, எல்லாம் ஞாபகம் இருக்கற எனக்கே ஞாபகம் இல்ல. பத்தாவது பரிட்ச மூணு தடவ எழுதி, நாலாவது தடவ பரிட்ச நடந்த பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டுக்கினு நின்னவரு. அது தெரிஞ்சிதான் பொண்ணு குடுத்தேன், மனுஷன் நல்லவரு, அத இல்லன்னு சொல்லல. ஆனா பெயிலானவங்களப் பத்திப் பேசறதுக்கு ஊருல வேற ஆளு இல்லயா.

இப்ப உன் பொஞ்சாதி கதையக் கேளு. வேண்டா இந்த வூட்டுக்கு வந்ததுலேர்ந்து என் எதிர்ல நின்னு முழுசா ஒரு பேச்சு பேசினது இல்ல. அன்னிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தேன், வந்து நின்னுச்சு. மாமா, நாளைக்கு விடிகாலம் நானும் திவ்யாவும் மெட்ராஸ் போறோம், அண்ணன் கேட்டா கழுக்குன்றம் கோயிலுக்குன்னு சொல்லிடுங்கன்னுச்சு. கேக்கல, சொல்லுச்சு. மாப்ள மறுநாளு பத்து மணிக்கே வந்துட்டாரு, ஞானதாஸ் கூப்புடறான்னு. மலை ஏறியிருக்காங்கன்னு சொன்னேன். மத்தியானம் வந்தாரு, இன்னும் எறங்கலயான்னாரு. படி ஜாஸ்தி மாப்ள, வேண்டுதல் பெருசுன்னேன். பிரசாதத்துக்குப் பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தாரு.

அங்க மெட்ராசு கவுன்சிலிங்ல பெரிய கூடம், ஆயிரம் பேரு, முன்னால திரையில எந்தக் காலேஜுல எத்தினி மிச்சம்னு ஓடிக்கினே இருந்துதாம். ஒருத்தர் எடுக்க எடுக்க ஒண்ணொண்ணா கொறையுமாம். பெயிலான பசங்க பெயிலான பசங்கன்னாரே, பக்கத்துல உக்காந்தது செய்யூர்ப் பொண்ணு ஒண்ணு, கெமிஸ்ட்ரியில போயி மறுபடி எழுதி வந்ததாம். திவ்யா சாப்புடாம உக்காந்திருந்தத பாத்து, தன் டிபன் டப்பாவத் தொறந்து பாதி இட்லிய இது கையில வெச்சி, கூப்புடற நேரத்துல மயங்கி வுழுந்தா அதுக்கும் ஒரு இங்கிலீஷ் பேரு வெச்சி உன் சீட்ட அடுத்தவனுக்குக் குடுத்துடுவாங்க, தின்னுன்னுச்சாம். உங்க மாமா சொன்ன அசிங்கம் அதுதான். பழைய காலேஜுல சிவில் இல்ல, அது எப்பவோ போச்சு. கிட்டத்துல இருந்தது எல்லாம் செவுரு எழும்பாத காலேஜு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜுல சிவில் ஒண்ணே ஒண்ணு மிச்சம். வேண்டா அவ்ளோ தூரமாடின்னு கேக்கறதுக்குள்ள இது போய் எடுத்துட்டு வந்துடுச்சாம்.

சாயங்காலம் வந்து எறங்கினப்ப மாப்ள உக்காந்த எடத்துலயே இருந்தாரு. உண்ம தெரிஞ்சிது. மொதல்ல கத்துனாரு, அப்புறம் திவ்யா நாளைக்கே கெளம்பறேன்னதும் பஞ்சாங்கத்தக் கையில எடுத்துட்டாரு. நாளைக்கு அஷ்டமி மாமான்னாரு. அஷ்டமி வந்தா தள்ளி வெச்சிக்கலாம்னு அந்தப் பேப்பர்ல எங்கனா எழுதியிருந்தா படிச்சி சொல்லுங்க மாப்ளன்னேன். பீசு எப்படிக் கட்னாங்கன்னு உன் பொஞ்சாதியக் கேளு, என்னக் கேக்காத.

மறுநாள் செங்கல்பட்டுல ரயிலுக்கு நான்தான் ஏத்தி வுடப் போனேன். வேண்டாவும் கூடப் போயி சேத்துட்டு நேத்துதான் திரும்புச்சு. வண்டி ஏரிக்கரைய வளைச்சி வந்துகினு இருக்கும்போது நான் திவ்யாவக் கேட்டேன், உங்கப்பன் போன் பண்ணா இன்னா சொல்லட்டும்னு. போயிட்டேன்னு சொல்லு தாத்தா, போவட்டுமான்னு கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதன்னுச்சு. அழுதுகினு சொல்லல. கோவமாவும் சொல்லல. பஸ்ஸு எத்தினி மணிக்குன்னு சொல்ற மாதிரி சொல்லுச்சு. எனக்கு அதுதான் பயமா இருந்துது.

நீ தீபாவளிக்கு லீவுல வரப் போறியாம். வந்ததும் திவ்யாவ அங்கேர்ந்து இட்டாந்து சிறுசேரிப் பக்கம் மாத்திடலாம், ஞானதாஸ் அதுக்கும் வழி வெச்சிருக்கான்னு மாப்ளகிட்ட சொல்லியிருக்கே. அந்த வழிக்கும் அவன் ஒரு பேரு வெச்சிருப்பான், எனக்குத் தெரிஞ்சிக்க வேணாம். நீ வா. தீபாவளிக்குக் கறி எடுத்து வெக்கச் சொல்றேன். திருநெல்வேலிக்கும் போ, தகப்பன் போகாம யாரு போவா. போயி அது கட்டற கட்டடம் இன்னா ஏதுன்னு கேட்டுக்கினு, அது தட்டுல இன்னா சோறு போடறாங்கன்னு பாத்துட்டு, தனியா திரும்பி வா. பொட்டிய எடுன்னு ஒரு வார்த்த உன் வாயில வந்துது, அப்புறம் எந்தக் காலத்துலயும் அது உன்ன எதுவும் கேக்காது. எனக்குப் பொறந்தவன் நீ, உன் அவசரம் எனக்குத் தெரியும்.

ஹாஸ்டலு போனு வார்டன் ரூம்புல இருக்குதாம், ஞாயித்துக்கிழம மட்டுந்தான் குடுப்பாங்களாம், நம்பரு டீச்சர் பின்பக்கம் எழுதியிருக்காங்க. பண்ணும்போது கம்ப்யூட்டர்ப் பேச்சு எடுக்காத. அங்க தண்ணி மாறினதுல திவ்யாவுக்கு இருமல் இருக்குதுன்னு வேண்டா சொல்லுச்சு, அத விசாரி. வெளிநாட்டு மாத்திர எதுவும் அனுப்பாத, மிளகும் பனங்கல்கண்டும் குடுத்து வுட்டிருக்கேன். நீயும் ஒசரத்துல ஏறும்போது பெல்ட்ட மறக்காம போட்டுக்க. உனக்கு எல்லா நல்லதும் கன்னியம்மன் குடுப்பா, என் ஆசீர்வாதம் எப்பவும் உனக்கு உண்டு, திட்டினதுல அது கொறையல.

இன்னொண்ணு. காலேஜுல சேக்கற எடத்துல, பொண்ணுக்கு முடிவு எடுக்கறது வூட்டுல யாருன்னு கேட்டாங்களாம். அம்மா பக்கத்துலயே நின்னுகினு இருக்கும்போது, எங்கப்பா ஜெகதீசன்னு உன் பேரத்தான் உரக்கச் சொல்லுச்சாம். அத நீ காப்பாத்திக்க.

இப்படிக்கு
உன் நைனா
கோதண்டம்
(இடது கைப் பெருவெரல் நாட்டு. எழுதினது மேரி டீச்சர்.)